கண்டி மலைநாட்டில் போதை வந்த வழி

கண்டி இராச்சியக் காலத்தில் குடிபோதை இழிவாகக் கருதப்பட்டது. அதற்கு வெளியிலிருந்து வந்த ஒருவரின் சாட்சியம் உண்டு. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயரான ரொபட் நொக்ஸ் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டியைச் சுற்றிய ஊர்களில் கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த நூலில் அவர் இந்த மக்களின் பழக்கங்களை விரிவாக எழுதியுள்ளார். குடிவெறியை இவர்கள் மிகவும் வெறுக்கிறார்கள், அதற்கு அடிமையானோர் சிலரே என்பது அவருடைய கணிப்பு. புகையிலையையும் குற்றமாகவே எண்ணுகிறார்கள், ஆனாலும் ஆணும் பெண்ணும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறார். புகைத்தவர்களைவிட மென்றவர்களே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக வெற்றிலை இருந்தது.

மலைநாட்டில் கள்ளுக்குக் குறைவு இருந்ததில்லை. கித்துள் மரம் காட்டோரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் நின்றது. அதன் பாளையிலிருந்து இறக்கிய பதநீர் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போனது. அதைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் எடுப்பது ஒரு சாதியாரின் குலத்தொழிலாகவே இருந்தது. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் போதையை விலக்கியது. ஊர்க் கட்டுப்பாடும் அதற்குத் துணை நின்றது. புளித்த கள்ளைக் குடிப்பவர் அக்காலத்திலும் இருந்தனர். கள்ளை விலைக்கு விற்பதற்கென்று தெருமுனையில் ஒரு கடை மட்டும் இருக்கவில்லை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

கஞ்சாவும் கண்டி நாட்டுக்குப் புதிதன்று. வடதிசைப் பயணங்களில் காய்ச்சல் கண்டபோது நொக்ஸும் அவருடைய தோழரும் அந்த இலையைப் பொடியாக்கி, கருப்பட்டியுடன் சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டனர். தலை கிறுகிறுக்கும், வேறு தொல்லை இல்லை என்று அவர் எழுதினார். அவர் கொண்டுவந்த செய்தியை வைத்து 1689 டிசம்பர் 18ஆம் திகதி இலண்டன் ரோயல் சொசைட்டியில் அறிவியலாளர் ரொபட் ஹூக் கஞ்சாவைப் பற்றி உரை நிகழ்த்தினார். ஐரோப்பிய அறிவியல் அவையொன்றில் அந்தச் செடியைப் பற்றி நிகழ்ந்த முதல் உரைகளில் ஒன்று கண்டிச் சிறைவாசத்தின் விளைவு. நாட்டு வைத்தியரின் கையில் கஞ்சா அளவோடு, பிற சரக்குகளோடு, நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. இன்று ‘மதன மோதகம்’ என்ற பெயரில் பாடசாலைக்கு அருகில் பொட்டலமாக விற்கப்படும் உருண்டைகள் அந்த வைத்திய மரபின் பெயரை மட்டுமே கடன் வாங்கியவை.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் பின் மலைக்கு ஏறிய பொருள்களில் தென்னஞ்சாராயமும் ஒன்று. சாராயம் கரையோரத்தின் சரக்கு. களுத்துறைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கள் இறக்கி, அங்கேயே வடித்து, பீப்பாய்களில் அடைத்து வண்டியேற்றினார்கள். கொழும்பு–கண்டி வீதி 1820களில் வெட்டப்பட்டது. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. அரிசியும் கோப்பியும் போன வழியில் பீப்பாய்களும் போயின.

இந்த வியாபாரத்தின் இயக்கம் குத்தகை முறையில் இருந்தது. ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. மிக உயர்ந்த தொகை கேட்டவருக்கு அந்த உரிமை போனது. அவர் அதைத் துண்டு துண்டாக, தவறணை எனப்பட்ட மதுக்கடைகளை நடத்துவோருக்குக் கீழ்க் குத்தகைக்கு விட்டார். குத்தகைப் பணத்தை மீட்க வேண்டுமானால் விற்பனை பெருக வேண்டும். விற்பனை பெருகினால் அடுத்த ஏலத்தில் தொகை கூடும். அரசுக்கும் குத்தகைக்காரருக்கும் தவறணைக்காரருக்கும் ஒரே நலன், குடிப்பவர் தொகை கூடுவது. 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த முறையை ஒழுங்குபடுத்தியது. குடியைக் குறைக்கும் நோக்கம் அதற்கு இல்லை. கரையோரத்து வணிகக் குடும்பங்கள் சில மலைநாட்டுச் சாராயக் குத்தகையில் திரட்டிய முதலைத் தோட்டங்களிலும் நிலத்திலும் இட்டு, நாட்டின் பெரும் செல்வர்களாயின. கண்டிச் சிங்களக் கிராமங்களுக்கு அதில் கிடைத்தது தெருமுனைத் தவறணை.

தவறணை தேடிய பெரிய வாடிக்கையாளர் வேறொரு திசையிலிருந்து வந்தார்கள். கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1820களின் தொடக்கத்தில் கோப்பித் தோட்டம் போட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டியைச் சுற்றிய மலைகள் கோப்பிக்காக மொட்டையடிக்கப்பட்டன. வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்த அவர்களில் பலர் வழியில் கொள்ளை நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கு வந்து திரும்பியவர்களில் பெரும்பான்மை ஆண்கள், அதிலும் இளவயதினர். வீடு, ஊர், மூத்தோர் எதுவும் அருகில் இல்லாமல், குளிரிலும் அட்டைக் கடியிலும், கையில் கொஞ்சம் காசோடு இருந்த இளைஞர் கூட்டத்துக்கு நடுவே தவறணை வைக்கப்பட்டது. இளைஞரின் போதைப் பழக்கம் என்று இன்று பேசப்படுவது மலைநாட்டில் அன்றே தொடங்கிவிட்டது. எவரும் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டவில்லை, அவ்வளவுதான். அவர்கள் ‘கூலிகள்’ என்று மட்டுமே எண்ணப்பட்டனர்.

‘குளிருக்குச் சாராயம்’ என்ற நம்பிக்கையும் அந்த நாட்களிலேயே வேரூன்றியது. உடலியல் சொல்வது இதற்கு நேர்மாறானது. மதுசாரம் தோலின் கீழுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு ஏறுவதுபோல் தோன்றும் அதே வேளையில் உடலின் வெப்பம் வெளியே கசிகிறது. மழையில் நனைந்து, அரைவயிற்றோடு, கித்தான் கொங்காணிப் போர்வையின் கீழ் வேலை செய்பவருக்கு இது கேடு. ஆயினும் நம்பிக்கை அசையவில்லை. அடுத்த தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் அதைச் சொல்லியே முதல் மிடறைக் குடித்தன.

1869இல் கோப்பியில் துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறின. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் தந்தை குடிப்பதைப் பார்த்தும், குடித்த பின் நடப்பதைக் கேட்டும் வளர்ந்த முதல் தலைமுறை அது. தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கடன் சீட்டான ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அதுவரை சம்பளத்தில் பெரும்பகுதி, ஆட்களைத் திரட்டிவந்த பெரிய கங்காணியின் கணக்கில் கழிந்தது. எஞ்சியதில் ஒரு பங்கைச் சம்பள நாளன்று தவறணை வாங்கிக்கொண்டது. காவல் தெய்வங்களான மாடசாமிக்கும் முனியாண்டிக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கும் வழக்கம் ஊரிலிருந்து வந்தது. அந்தப் படையலும் மரண வீடும் தீபாவளியும் பல சிறுவர்களுக்கு மதுவின் முதல் அறிமுகமாயின.

மதுவுக்கு எதிரான குரல் கண்டியில் பள்ளிக்கூட வாசல்களிலும் எழுந்தது. அமெரிக்கரான ஒல்கொட்டின் பௌத்த பிரம்மஞான சங்கம் 1887இல் தொடங்கிய தர்மராஜ கல்லூரிக்கு 1890இல் அதிபராக வந்தவர் டி. பி. ஜயதிலக்க. 1898இல் அவர் கொழும்பு ஆனந்தா கல்லூரிக்குச் சென்றார். பின்னர் மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். 1904இல் தென் மாகாணத்தில் முதல் அலை எழுந்தது. 1912இல் எழுந்த இரண்டாவது அலை நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையைச் சீர்திருத்தி, மதுவரித் திணைக்களத்தை உருவாக்கியது. ஆனால் சாராயத்திலிருந்து கள்ளைப் பிரித்து, அதற்குத் தனித் தவறணைகளை ஆயிரக்கணக்கில் திறக்கவும் அது வழிவகுத்தது. கள்ளுக்கடை இல்லாத கிராமங்களுக்குக்கூட அரசாங்கம் கள்ளைக் கொண்டுவருகிறது என்று மக்கள் கொதித்தனர். பௌத்த விகாரைகளிலும் பாடசாலைகளிலும் கூட்டங்கள் நடந்தன. ஊர் ஊராகச் சங்கங்கள் எழுந்தன. எப். ஆர். சேனநாயக்கவும் அவருடைய தம்பி டி. எஸ். சேனநாயக்கவும் மேடையேறினர். சாராயக் குத்தகையில் செல்வம் சேர்த்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரும் அந்த மேடைகளில் நின்றார்கள் என்பதையும் வரலாறு பதிவு செய்துள்ளது.

1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி நகரில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் கலவரம் சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. மதுவிலக்குச் சங்கங்களைச் சதிக் கூடங்களாகக் கண்டு, ஜயதிலக்கவும் சேனநாயக்க சகோதரர்களும் உட்படத் தலைவர்களைச் சிறையிலிட்டது. அந்தச் சிறைவாசம் அவர்களைத் தேசியத் தலைவர்களாக்கியது. மதுவிலக்கு இயக்கம் அரசியல் இயக்கமாக உருமாறியது. அந்த மாற்றத்தில் ஒரு இழப்பும் இருந்தது. பேச்சு முழுவதும் தேசம், சமயம், அந்நிய ஆட்சி என்ற தளத்தில் நின்றது. குடியால் ஒரு பையனின் உடலுக்கு என்ன நேர்கிறது, ஒரு வீட்டின் அடுப்புக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விகள் பின்தங்கின. தோட்டத்து லயங்களுக்கு அந்த இயக்கம் அரிதாகவே ஏறியது.

ஆயினும் அது விட்டுச்சென்ற ஒரு கருவி பயனுடையது. ஊர் மக்கள் வாக்களித்துத் தம் பகுதித் தவறணையை மூடலாம் என்ற உள்ளூர் வாக்கெடுப்பு முறை நடைமுறைக்கு வந்தது. 1920களில் பல ஊர்கள் அந்த வழியில் சாராயத் தவறணைகளை மூடின. மலைநாட்டின் மது வரலாற்றில் அதுவரை எடுத்த முடிவுகள் எல்லாம் ஏல மண்டபத்தில் எடுக்கப்பட்டவை. ஊர் எடுத்த முதல் முடிவு இதுதான்.

லயங்களுக்கு மதுவிலக்குச் செய்தி வேறு வழியில் வந்தது.  1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி, கண்டியிலும் தோட்டப் பகுதிகளிலும் பேசினார். கதர் நிதிக்குப் பணம் திரட்டவே வந்தாலும், தொழிலாளர் கூடிய இடங்களில் குடியை விட்டுவிடும்படி வேண்டினார். கேட்டவர்கள் கண்கலங்கிக் கேட்டிருப்பார்கள். ஆனால் கூட்டம் கலைந்து போகும் வழியில் தவறணை திறந்தே இருந்தது.

அபினின் கதை இதைவிடச் சுருக்கமானது, நம்பிக்கை தருவதும்கூட. உரிமம் பெற்ற அபின் கடைகள் ஒரு காலத்தில் இலங்கை நகரங்களில் இருந்தன. எதிர்ப்பு வலுத்ததும், 1910இல் வந்த சட்டம் விற்பனையைப் பதிவுசெய்யப்பட்ட பழக்கக்காரருக்கும் நாட்டு வைத்தியருக்கும் என்று மட்டுப்படுத்தியது. புதியவர் எவரும் பட்டியலில் சேர முடியாது. பழையவர்கள் மறைய மறையப் பழக்கமும் மறைந்தது. 1929இன் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அதற்கு முத்திரை வைத்தது. பழக்கப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல், இளையவருக்குச் சரக்குக் கிடைக்கும் வழியை மட்டும் அடைத்த அந்த அணுகுமுறை பின்வந்தோரால் மறக்கப்பட்டது. வருந்தத்தக்க மறதி அது.

புகையிலை எவராலும் தடுக்கப்படாமல் வளர்ந்தது. கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே புகையிலைக்குப் பேர்போனது. அந்த வயல்களில் ஒரு பகுதி, பழைய தெல்தெனிய நகரத்தோடு சேர்ந்து, 1985இல் திறந்த விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கீழ் மூழ்கியது. சிகரெட்டோ நகரத்துப் படித்த இளைஞனின் அடையாளமாகச் சினிமாவிலும் விளம்பரத்திலும் வளர்ந்தது. தோட்டங்களிலோ வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையே ஆட்சி செய்தது. கொழுந்து பறிக்கும் பெண் காலையில் வாயில் ஒதுக்கும் வெற்றிலை பசியையும் குளிரையும் மறக்க உதவியது. அதன் விலை வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுவே. தோட்டப் பகுதிகளில் அதன் பாதிப்புக் கூடுதல் என்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தினரின் நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் வெற்றிலையுமே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியான ஆய்வறிக்கையில் உறுதிசெய்தது. வாயில் தோன்றும் வெள்ளைத் திட்டு, வாயை அகலத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை முன்னறிகுறிகள். மெல்லும் பழக்கம் தொடங்குவது பெரும்பாலும் பதின்ம வயதில், நோய் தெரிவது இருபது முப்பது ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளிதான் புகையிலை வியாபாரத்தின் பாதுகாப்பு. பின்னாளில் ‘பாபுல்’, ‘மாவா’ என்று இனிப்பும் வாசனையும் சேர்த்த பொட்டலங்கள் பாடசாலைப் பைகளுக்குள் புகுந்தன. அத்தகைய புகையற்ற புகையிலைப் பொருள்களின் விற்பனை 2016இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் கடைக்காரரின் மேசைக்கடியில் அவை இன்னும் கிடைக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பின் சாராயத்தின் விலை வரிக்கு மேல் வரியாக ஏறியது. அதன் நிழலில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வளர்ந்தது. சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் பீப்பாயில் ஊறவைத்த கோடாவை ஓடையோரத்தில், தேயிலை மலையின் காட்டு விளிம்பில் வைத்துக் காய்ச்சுகிறார்கள். தோட்டத்துச் சந்தியில் சட்டபூர்வமான மதுக்கடை, லயத்தின் பின்கதவில் கசிப்பு என்ற இரட்டை ஏற்பாடு மலையகம் முழுவதும் நிலைத்தது. கசிப்பு விற்பவர் வயது கேட்பதில்லை. கடனுக்கும் கொடுப்பார். சிறுவனை விட்டே வாங்கிவரச் சொல்லும் தந்தையர் உண்டு. எடுத்துவரும் கை ஒரு நாள் குடிக்கும் கையாகிறது.

வறிய வீடுகளில் குடியின் செலவுக் கணக்கை நோர்வே ஆய்வாளர் பேர்க்லியொட் பாக்லியனும் இலங்கை உளமருத்துவர் தியனாத் சமரசிங்கவும் 2000களின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தனர். ஆண்களில் ஒரு பகுதியினர் தம் வழக்கமான வருமானத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ மதுவுக்குச் செலவிடுவதாகக் கூறினர். அப்படியானால் வீட்டை நடத்துவது யார்? கொழுந்து பறிக்கும் மனைவியின் சம்பளமும், அடகுக்குப் போகும் தோடும், பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளையும்தான். பதினான்கு பதினைந்து வயதில் கொழும்புக்குப் போகும் பையன் தீபாவளிக்குத் திரும்பும்போது புதிய சட்டையோடு புதிய பழக்கத்தையும் கொண்டுவருவதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. கல்வி நின்றதால் போதைக்கும், போதையால் மேலும் கல்வியிழப்புக்கும் தள்ளப்படும் சுழலில் பெண்பிள்ளைகளின் படிப்பே முதலில் நிற்கிறது. குடிக்காத அவர்களே குடியின் முழுச் சுமையையும் தாங்குகிறார்கள்.

குடியின் கொடிய முகம் தற்கொலைகளில் தெரிந்தது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47. உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்த அது இளவயதினரையும் கிராமத்தாரையும் அதிகமாகத் தின்றது. பெரும்பாலானோர் பூச்சிகொல்லியை விழுங்கினர். நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்களில் பலர் மது அருந்திய நிலையில் இருந்தனர். பெண்களிலும் பிள்ளைகளிலும் பலர் குடும்பத்தலைவரின் குடியால் எழுந்த சண்டையின் பின் நஞ்சை எடுத்தவர்கள். பேராதனையில் இயங்கும் நச்சியல் ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். 1990களில் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டதும் மரணங்கள் பெருமளவு குறைந்தன. குடும்பச் சண்டைகள் அதனால் குறைந்துவிடவில்லை. சண்டையின் உச்சத்தில் கைக்கு எட்டிய இடத்தில் நஞ்சு இல்லாததே உயிர்களைக் காத்தது. எட்டாத இடத்தில் வைத்தால் காக்கலாம் என்ற அந்தப் பாடம் மதுவுக்கும் ஹெரோயின் தூளுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

ஹெரோயின் இலங்கைக்கு 1980களின் தொடக்கத்தில் வந்தது. திறந்த பொருளாதாரமும் சுற்றுலாப் பயணிகளும் பெருகிய காலம் அது. கடற்கரை விடுதிகளில் தொடங்கி, கொழும்பின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளுக்குப் பரவி, பின்னர் சுற்றுலாத் தலமான கண்டி நகரையும் எட்டியது. இங்கு பெரும்பாலும் ஊசியால் ஏற்றுவதில்லை. தாளில் இட்டுச் சூடாக்கி எழும் புகையை உறிஞ்சுகிறார்கள். அதனால் எயிட்ஸ் பரவும் ஆபத்து குறைந்தது, அடிமையாகும் வேகம் குறையவில்லை. சில வாரங்களில் உடல் அதைக் கேட்கத் தொடங்குகிறது. கிடைக்காத நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், எலும்பை முறிப்பதுபோன்ற வலி எல்லாம் வருகின்றன. அந்த வலியைத் தவிர்க்கவே அடுத்த வேளைத் தூளை இளைஞன் தேடுகிறான், இன்பம் தேடி அன்று. பணத்துக்காக முதலில் தாயின் நகை, பிறகு அயல்வீட்டுப் பொருள், பிறகு தானே விற்பவனாதல். விற்பவனும் வாங்குபவனும் ஒரே ஆளாவதே இந்த வியாபாரத்தின் பலம்.

அரசு இரண்டு வழிகளில் பதிலளித்தது. 1984இன் 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. அதே ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதித்தது. நடைமுறையில் இரண்டாவது வழியே ஓங்கியது. 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனால் சிறைகள் நிரம்பின. கண்டி நகர நடுவே நின்ற போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். அண்மைக் காலத்தில் இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுச் செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் வழக்குகளில் சிக்கியவர்கள். அவர்களில் பெருங்கடத்தல்காரர் மிகச் சிலர். சிறிதளவு தூளோடு பிடிபட்ட இளைஞன் சிறைக்குள் பெரிய விற்பனையாளரைச் சந்தித்து, வெளியே வரும்போது தொடர்புகளோடு வருகிறான். அபினுக்கு 1910இல் காட்டிய நிதானத்தை ஹெரோயினுக்கு 1984இல் காட்டியிருந்தால் ஒரு தலைமுறை பிழைத்திருக்கும்.

நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு இந்தக் காலம் இன்னொரு காயத்தையும் தந்தது. கண்டி நகரின் மகியாவ போன்ற இடங்களில் வாழ்பவர்கள் மாநகரசபையின் துப்புரவுப் பணிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர். கண்டியின் வீதிகளை நூறாண்டுக்கு மேலாகத் துப்புரவாக வைத்திருப்பவர்கள் அவர்கள். நெருக்கமான வீடுகளும் குறைந்த கல்வி வாய்ப்பும் சாதி ஒதுக்கலும் உள்ள இடத்தில் சில்லறை வியாபாரம் கால்பதிப்பது எளிது. பிறகு முகவரியே குற்றச்சாட்டாகிவிடுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஊரின் பெயரை மறைக்கிறார்கள். வாங்க வருவோரில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுடைய தெருவின் பெயர் செய்தியில் வருவதில்லை.

கடந்த பத்தாண்டில் சரக்கு மாறியது. கேரளக் கஞ்சா கடல் வழியாக வந்து சேர்ந்தது. பிரிகபலின் போன்ற வைத்தியக் குளிசைகள் மருந்துச் சீட்டு இல்லாமல் கைமாறின. ‘ஐஸ்’ என்ற மெத்தாம்பெட்டமின் வந்தது. மற்றவை மயக்குபவை. இது விழிக்க வைப்பது. இரவிரவாக உறக்கமில்லை, பசியில்லை, தன்னால் எதுவும் முடியும் என்ற எண்ணம். பரீட்சைக்கு விழித்திருக்க என்றும், இரவுவேலைக்கு என்றும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. சில மாதங்களில் யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம், காதில் குரல், காரணமில்லாத ஆத்திரம் ஆகியவை தோன்றுகின்றன. மனித மூளையில் தீர்மானமும் கட்டுப்பாடும் சார்ந்த முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. கஞ்சாவோ மதுவோ ஐஸோ, எது அந்த வயதுக்குள் புகுந்தாலும் பிந்திய வயதில் தொடங்குவதைவிட ஆழமாக வேர்விடுவதன் காரணம் இதுவே. 2022இன் 41ஆம் இலக்கச் சட்டத் திருத்தம் ஐஸையும் மரண தண்டனைக்குரிய பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் அதைக் கண்டித்தனர். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் ஹற்றன் வழியே செல்லும் இளைஞர்கள் போதைப்பொருளோடு கைதாகும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. பிடிபட்டவர்களின் தொகை சொல்லப்படுகிறது. அதன் பின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது சொல்லப்படுவதில்லை.

மலைநாட்டுப் பாடசாலை மாணவரில் மிகப் பெரும்பான்மையோர் எந்தப் போதைப்பொருளையும் தொடாதவர்கள். பைகளைச் சோதிப்பதும் மாணவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் அவர்களை அவமதிக்கின்றன. பலன் தந்த நடவடிக்கைகள் வேறு. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவும் புகையிலையும் விற்பதைக் குற்றமாக்கியது, விளம்பரத்தைத் தடைசெய்தது. 2015 முதல் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் 80 சதவீத இடத்தைப் பிடிக்கிறது. 1987இல் தொடங்கிய மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இளைஞர் குழுக்களோடும் பெண்களோடும் வேலை செய்கிறது. மது நிறுவனங்கள் ஆண்மை, கொண்டாட்டம், நட்பு என்று பின்னிய கவர்ச்சியை அவிழ்ப்பதே அதன் வழி. எசல பெரஹரா திருவிழா நாட்களில் கண்டி நகரில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. அந்நாட்களில் நகரம் இயங்காமல் போய்விடுவதில்லை. மூட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

போதைக்கு ஆளானவருக்கு அது ஒரு நோய். சிகிச்சையால் மீளலாம். விட்டவர் மறுபடி வழுக்கினாலும் அது தோல்வியாகாது, நோயின் இயல்பு. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நடத்தும் சிகிச்சை நிலையங்களில் ஒன்று கண்டியில் உள்ளது. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலும் சிகிச்சை பெறலாம். பிள்ளையின் நடத்தையில் மாற்றம் கண்ட பெற்றோர் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையும், சிறுவர் தொடர்பில் 1929ஐயும் அழைக்கலாம். அடியும் வசையும் பொலிஸ் புகாரும் தொடங்குமுன் அந்த அழைப்பை எடுக்க வேண்டும்.